புத்தாண்டன்று எடுத்த போன்

பிறக்காத பிள்ளைக்குப் பெண் கேட்டு அலைவது எப்படி இருக்கும் என்று ஸீத்தோ யுக்லானைக் கேட்டால் சொல்வாள். ஹாங்காங்கில் பிரிட்டிஷ் கொடி இறங்க இன்னும் சில மாதங்கள் இருந்தன. அதன்பிறகு ஊர்க்காரர்களுக்குத் தரப்போகும் பாஸ்போர்ட்டின் மாதிரியைத் தூக்கிக்கொண்டு, குடிநுழைவுத் துறை ஆட்கள் தூதரகம் தூதரகமாக ஏறி இறங்கினார்கள். இதை வைத்திருப்பவர்களை விசா இல்லாமல் உள்ளே விடுங்கள் என்பதுதான் கோரிக்கை. யுக்லானும் அந்தக் குழுவில் இருந்தாள்.

அவளுக்கு இதில் சொந்தக் கவலையும் உண்டு. அண்ணன் கின்மன் வடக்கே ஒரு குளிர்நாட்டில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறான். அம்மா சீனாவிலிருந்து ஓடிவந்தவள்; பாஸ்போர்ட் கிடையாது, கையில் இருந்தது ஹாங்காங் கொடுத்த ஓர் அடையாளச் சான்று மட்டும். விசா வாங்கிக்கொண்டு போனவளையே அந்நாட்டு விமான நிலையத்தில் ஓர் அறையில் உட்காரவைத்து, கைப்பையைக் கொட்டிப் பார்த்து, குடைந்து குடைந்து கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம் அண்ணனுக்கு மகள் பிறந்து, அவள் பள்ளிக்கூடமும் போகிறாள். அம்மா இன்னும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை விசாவுக்குன்னு எவன் முன்னாடியும் போய் நிக்கமாட்டேன்," என்பாள் அம்மா, வொன்டன் கொழுக்கட்டை மடித்தபடியே. "நீ சுமந்துட்டு அலையற அந்த அட்டையை எவன்டி நம்புவான்?"

குளிர்நாட்டுத் தூதர் ஹெல்யர் அளந்து பேசுகிறவர். மாதிரியை விளக்கில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தாளிலும் அச்சிலும் குறை சொல்லவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். உங்கள் ஆள் யாராவது எங்கள் விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டால் உங்களுக்கு போன் செய்வோம். கொடி மாறிய பிறகு அதை யார் எடுப்பார்கள்?

மேலதிகாரி ஔயோங் தொண்டையைக் கனைப்பதற்குள் யுக்லான் முந்திக்கொண்டாள். "இப்ப எடுக்கிற நாங்கதான் சார் அப்பவும் எடுப்போம். எந்த நாளா இருந்தாலும்."

வெளியே வந்ததும் ஔயோங் சிரித்தார். "அப்ப புத்தாண்டு டியூட்டி உனக்குத்தாம்மா."

அப்படியேதான் ஆயிற்று. சந்திரப் புத்தாண்டின் முதல் நாள், ஊரே கடையடைத்துச் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போயிருக்க, அவள் காலி அலுவலகத்தில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பிற்பகலில் போன் அடித்தது. துறையின் பெயரைச் சொல்வதற்குப் பதில் வாய்ப்பழக்கத்தில் "குங் ஹே ஃபாட் சோய்" என்று வாழ்த்துச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

பேசியது குளிர்நாட்டு விமான நிலைய அதிகாரி. ஹாங்காங் சான்றோடு ஒரு பெரியவர் பாஷை தெரியாமல் நிற்கிறார், உங்கள் ஆள்தானா என்று கேட்டார். அவள் பதிவைத் தேடிப் பார்த்தாள்.

"எங்க ஆள்தான். நீங்க திருப்பி அனுப்பினாலும் நாங்க ஏத்துக்குவோம்."

மறுமுனையில் அதை ஒருமுறை திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொண்டார்கள். பிறகு நன்றி சொல்லி வைத்துவிட்டார்கள்.

வசந்தம் முடியும் சமயத்தில் ஹெல்யர் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அரசாங்கம் சம்மதித்துவிட்டது. கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தவர், புத்தாண்டு போய் எத்தனையோ நாள் ஆன பிறகு, யுக்லானைப் பார்த்து மெதுவாக, "குங் ஹே ஃபாட் சோய்" என்றார். அன்று போனில் அவள் வாய்தவறிச் சொன்ன வாழ்த்து இவர் காதுவரை வந்திருக்கிறது. அந்தப் பெரியவர் நிஜமா, சோதனையா என்று அவள் கேட்கவில்லை. இன்னும் உருவாகாத ஓர் அரசாங்கத்தின் வார்த்தையை, கடலுக்கு அப்பால் ஒரு நாடு நம்பிவிட்டது. போனை எடுத்ததற்காக!

கொடி மாறி, குளிரும் வந்த பிறகு, அம்மா புதுப் பாஸ்போர்ட்டோடு அதே விமான நிலையத்தில் நின்றாள். யுக்லான் பின்னால் நின்றிருந்தாள். கவுண்டரில் இருந்த இளைஞன் பக்கத்தைப் புரட்டினான், முத்திரை குத்தினான், நீட்டினான்.

அம்மா நகரவில்லை. கைப்பையைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள்.

"ஒண்ணுமே கேக்கலையேடி," என்றாள் திரும்பி.

"கேக்கமாட்டாங்கம்மா."

இளைஞன் பையை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டான்.