ஐந்து எண்ணும் வரை

இரத்தோட்டை பஸ்ஸில் ஒரு பேச்சை அவிழ்த்துவிட்டால் அது மலை உச்சித் தோட்டம் வரைக்கும் ஏறும். நூருன்னிஸா டீச்சருக்கு இது தெரியாததல்ல. தெரிந்தும் சொன்னாள்.

அந்த வருடம் பல்கலைக்கழகத்திலிருந்து ஸஹ்ரா என்ற ஆய்வு மாணவி, இரத்தோட்டையைச் சுற்றிப் பத்துத் தோட்டப் பள்ளிகளைத் தெரிந்தெடுத்திருந்தாள். அவற்றில் ஐந்து பள்ளிகளில் நாலாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரு புது முறையைப் பழக்கினாள். மற்ற ஐந்தில் வழமைபோலப் படிப்பிக்க வேண்டும். தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு பரீட்சை மட்டும். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டு, முறை பலித்திருந்தால் கல்வி வலயத்தின் நாற்பது பள்ளிகளுக்கும் பயிற்சி.

நூருன்னிஸா முறை கிடைத்த பக்கம். அதே பஸ்ஸில் வேறொரு பள்ளிக்குப் போகும் மார்ஜரி டீச்சர் கிடைக்காத பக்கம். வெளியே சொல்வதில்லை என்று அவளும், வழமையை மாற்றுவதில்லை என்று இவளும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

“என்னா முறைன்னு கேளுங்களேன்,” என்றாள் நூருன்னிஸா, மே மாதத்து ஒரு காலையில்.

“நான் கேக்கக் கூடாது டீச்சர்.”

“கேக்காட்டி போங்க. நானே சொல்றேன். கேள்வியக் கேட்டுட்டு மனசுக்குள்ள அஞ்சு எண்ணணும். அது வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது, அடுத்த புள்ளைய எழுப்பக் கூடாது, மொறைக்கக் கூடாது. அவ்ளோதான்.”

“இதுக்கா ரெண்டு நாள் பயிற்சி?”

“ரெண்டு நாளும் சாப்பாடு நல்லம்.” பின்சீட்டில் யாரோ சிரித்தார்கள். நூருன்னிஸா குரலை உயர்த்தினாள். “வீட்டுலயும் செஞ்சு பாத்தேன். ஏன் மரக்கறி வாங்கி வரலன்னு எங்க வீட்டுக்காரரக் கேட்டுட்டு எண்ணினேன். அம்பது வரைக்கும் போனேன். மனுஷன் தூங்கிட்டாரு.”

பாதி பஸ் சிரித்தது. மார்ஜரியும் சிரித்தாள்.

அன்றைக்கு மார்ஜரியின் வகுப்பில் இரண்டாம் பாடம் கணக்கு. “ஆறேழு?” என்று கேட்டு ஷெரோமியை எழுப்பினாள். ஷெரோமி எழும்புவாள், நிற்பாள், உட்காருவாள். பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். மார்ஜரி அடுத்த பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தலைக்குள் ஒன்று, இரண்டு என்று ஓடத் தொடங்கியிருந்தது. கேட்ட காதைக் கழற்றி வைக்க முடியுமா? நான்கில் ஷெரோமியின் உதடு அசைந்தது.

“நாப்பத்திரெண்டு.”

மார்ஜரி வெண்கட்டியை மேசையில் வைத்தாள். இவ்வளவு நாளும் அந்தப் பிள்ளைக்கு விடை தெரிந்திருக்கிறது. பதினாறு வருடம் படிப்பித்தவள் அவள். அத்தனை வருடத்தில் எத்தனை பேரை எண்ணிக்கை இரண்டிலும் மூன்றிலும் இருக்கும்போதே உட்கார வைத்தேன் என்று யோசிக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள்.

நாளையிலிருந்து எண்ணுவதில்லை என்று முடிவெடுத்தாள். நாளையும் எண்ணினாள்.

நவம்பரில் ஸஹ்ரா முடிவுகளோடு வந்தாள். ஆசிரியர் அறையில் இருவர் மட்டும்.

“உங்க வகுப்புப் புள்ளி நல்லா ஏறியிருக்கு டீச்சர்,” என்றாள். முகத்தில் அந்தச் சந்தோஷம் இல்லை. “முறை குடுத்த வகுப்புகளும் அதே அளவுதான். பத்துப் பள்ளியும் ஒரே மாதிரி.”

“நல்லதுதானே மிஸ்?”

“முறை குடுத்தாலும் குடுக்காட்டியும் ஒண்ணுதான்னு அர்த்தம். வலயத்துல அப்புடித்தான் எடுத்துக்குவாங்க. நாப்பது பள்ளிக்கும் பயிற்சி இல்ல.” லெப்டொப்பைப் பாதி மூடினாள். “இந்த வருஷம் ஏதாச்சும் புதுசா செஞ்சீங்களா?”

மார்ஜரி பதில் சொல்லவில்லை. ஸஹ்ரா மறுபடி கேட்கவில்லை, முறைக்கவும் இல்லை. அவள் எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்பது மார்ஜரிக்குத் தெரிந்தது. தெரிந்தும் தாங்க முடியவில்லை.

“எண்ணினேன் மிஸ். மே மாசத்துலருந்து.”

“யாரு சொன்னது?”

மார்ஜரி மேசையிலிருந்த பயிற்சிப் புத்தகங்களை அடுக்கத் தொடங்கினாள்.

“மத்த நாலு பள்ளியிலயும்?”

“எல்லாரும் ஒரே பஸ்ஸுதான் மிஸ்.”

எதில் பள்ளிக்கு வருகிறீர்கள் என்று ஸஹ்ரா எந்தப் படிவத்திலும் கேட்டிருக்கவில்லை. சிரித்தாள். பிறகு கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தாள்.

“பலிக்குதுன்னு உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். காட்டத்தான் ஒண்ணும் இல்ல,” என்றாள். “இன்னொரு வருஷம் செய்ய விடுவாங்க. உங்க பேர எங்கயும் எழுத மாட்டேன். ஆனா அஞ்சு பள்ளி எண்ணாம இருக்கணும். நெசமாவே. இந்தத் தடவ நானே வகுப்புல பின்னால உக்காந்து பாப்பேன்.”

“தெரிஞ்சிக்கிட்டே செய்யாம இருக்கச் சொல்றீங்க.”

“ஒரு வருஷம்.”

“இருபத்தாறு புள்ளைங்க மிஸ்.”

“நாப்பது பள்ளி, டீச்சர்.”

எது பெரிது என்று யாரும் கணக்குப் போட்டுக் காட்டத் தேவையில்லை. ஆய்வைக் கெடுத்தவர்களில் தானும் ஒருத்தி. மார்ஜரி கையெழுத்துப் போட்டாள்.

ஜனவரியில் பள்ளி தொடங்கியது. பஸ்ஸில் நூருன்னிஸா முன்சீட்டில் தனியாக உட்கார்ந்து வந்தாள். “எனக்கு வாய்ப்பூட்டு,” என்று மட்டும் சொன்னாள். அன்று யாரும் சிரிக்கவில்லை.

பள்ளி தொடங்கி இரண்டாம் வாரம் ஸஹ்ரா வந்தாள். வகுப்பின் கடைசியில், சின்னக் கதிரையில், நிறுத்தற் கடிகாரத்தோடு உட்கார்ந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு ஆசிரியர் எத்தனை செக்கன் விடுகிறார் என்று குறிப்பது அவள் வேலை.

முன்வரிசையில் ஒரு பையன். ஷெரோமியின் கண்.

“நீ ஷெரோமியோட தம்பிதானே?”

“ஆமாங்க டீச்சர். கிஷாந்த்.” பயமில்லாமல் சொன்னான். “அக்கா சொன்னிச்சு, டீச்சர் அவசரப்படுத்தமாட்டாங்களாம்.”

மார்ஜரி பலகையைத் துடைத்தாள். துடைக்க அதில் ஒன்றும் இருக்கவில்லை.

வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தாள். கேட்டாள், விடை வராவிட்டால் அடுத்தவர். பதினாறு வருடப் பழக்கம். கை மறக்கவில்லை என்றுதான் நினைத்தாள்.

“ஆறேழு? கிஷாந்த்.”

எழும்பினான். அக்காளைப் போலவே நின்றான். ஆனால் தலை குனியவில்லை. விடை எங்கோ புறப்பட்டு வந்துகொண்டிருக்கிறது, வந்து சேரும் என்பதுபோல அவள் முகத்தையே பார்த்தான்.

ஒன்று.

“ஷியாம், நீ சொல்லு.”

“நாப்பத்திரெண்டு!”

“சரி.”

பின்னால் ஸஹ்ரா தலை நிமிராமல் எழுதினாள்.

மார்ஜரி திரும்பி அடுத்த கணக்கைப் பலகையில் எழுதினாள். வழமையைவிட மெதுவாகத்தான் எழுதினாள். எழுதி முடித்துத் திரும்பியபோது கிஷாந்த் இன்னும் நின்றுகொண்டிருந்தான்.