பக்கத்து சீட்டின் எடை

என் கணவர் எபி என்னை எடைக்கல்லாகத்தான் அழைத்துப் போனார். அதை நாசூக்காகச் சொல்ல அவர் முயன்றார் என்பதையும் நியாயத்துக்காகச் சொல்லிவிடுகிறேன். இரண்டாவது சனிக்கிழமை, எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. இட்லியைப் பிட்டுக்கொண்டே, "டெபி, ஒரு மணி நேரம் மாடம்பாக்கம் வரைக்கும் வர முடியுமா? ஜீப்ல சும்மா உக்காந்தா போதும்" என்றார்.

"எதுக்கு?"

"ஜேசனுக்கு இன்னிக்கு ஆபீஸ் இருக்காம். மெக்கானிக் குமரவேல் வண்டியை எடை போடாம ஸ்பிரிங் தர மாட்டேங்கிறாரு. பக்கத்து சீட்ல யாராவது இருக்கணும்."

அந்த ஜீப் வாங்கி எட்டு வருடம் ஆகிறது. அதன் முன்சீட்டுக்கு எனக்கு வந்த அழைப்பு இதுதான், அதுவும் ஜேசனுக்குப் பதிலாக. சர்ச்சுக்கும் மார்க்கெட்டுக்கும் போக எங்களிடம் ஒரு சின்னக் கார் உண்டு. ஜீப் மலைக்கும் மண்பாதைக்கும் மட்டும். மாதம் ஒருமுறை எபியும், கேளம்பாக்கத்தில் அவரோடு வேலை செய்யும் ஜேசனும் அதில் கிளம்பிப் போவார்கள். ஞாயிறு சாயங்காலம் தலையிலிருந்து கால்வரை செம்மண்ணாகத் திரும்பி வருவார்கள். துணி ஊறவைப்பது என் வேலை.

வரமாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் கை தானாகப் போய்ச் சீப்பை எடுத்தது.

இரண்டு மாதமாக எங்கள் பெருங்களத்தூர் வீட்டில் லிஃப்ட்டைத் தவிர வேறு பேச்சு இல்லை. புதிதாக வருகிறவர்கள் அடுக்குமாடியில் மின்தூக்கி கெட்டுவிட்டது போல என்று நினைப்பார்கள். இது வேறு. ஜீப்பில் இருக்கிற ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டு இன்னும் உயரமானவற்றைப் போட்டு, வண்டியைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்துவது. பாறை அடியில் இடிக்காதாம். இரண்டு இஞ்சா மூன்று இஞ்சா என்று எபி சோற்றைப் பிசைந்தபடியே யோசிப்பார். பெண் பார்க்கிற வீட்டில்கூட இவ்வளவு ஆலோசனை நடக்காது.

எபி நல்ல மனிதர். ஆனால் சொன்னதைச் சொன்னபடி எடுத்துக்கொள்ளும் ரகம். கல்யாணமான புதிதில் கிளிப்பச்சையில் ஒரு புடவை வாங்கி வந்தார். "இனிமே எனக்குப் புடவை எடுக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். பத்தொன்பது வருடம் ஓடிவிட்டது. ஒவ்வொரு கிறிஸ்மஸுக்கும் கையில் பணத்தைக் கொடுத்துவிட்டு, கடை வாசலிலேயே நின்றுகொள்வார்.

குமரவேலின் பட்டறை மாடம்பாக்கம் கோயிலைத் தாண்டி இருந்தது. சொந்த நிலத்தில் ஷெட் போட்டிருப்பவர், வாடகைக் கவலை இல்லாதவர், அதனால் அவசரமும் இல்லாதவர். எபி வண்டியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, "மூணு இஞ்சே போட்டுடலாமா?" என்று ஆரம்பித்தார்.

"எத்தினி இஞ்சின்னு அப்பால பாக்கலாம் சார்" என்றார் குமரவேல். "வண்டியில யாரு குந்தப் போறாங்கோ, இன்னா ஏத்தப் போறீங்கோ, அத்த மொதல்ல சொல்லுங்கோ. ஸ்பிரிங்கு மூணு தினுசு கீது. லைட்டு, மீடியம், ஹெவி. ஹெவியப் போட்டுக்கினு ஆளில்லாத வண்டியா போனீங்கன்னா எகிறி எகிறி அடிக்கும். லைட்டப் போட்டுக்கினு லோடு ஏத்துனீங்கன்னா, தூக்குன வண்டி அப்டியே குந்திக்கும்."

எபி சட்டைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். ஜேசன் தொண்ணூற்றிரண்டு கிலோ. ஜேசனின் கூடாரம், ஜாக்கி, சாமான் பெட்டி, தண்ணீர் கேன் எல்லாம் சேர்த்து எண்பது. என் கணவருக்கு என் பிறந்தநாள் சில வருடங்களில் மறந்துபோயிருக்கிறது. ஜேசனின் தண்ணீர் கேன் எடை மறக்கவில்லை.

"இன்னிக்கு ஜேசனுக்குப் பதிலா இவங்க" என்று என்னைக் காட்டினார்.

குமரவேல் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். "மேடம் அவ்ளோ வரமாட்டாங்க சார். கூட ஒரு மூட்டை வெச்சாத்தான் சரியா வரும்."

பக்கத்தில் துளசிங்கம் என்பவரின் அரிசி மண்டி. வண்டிக்கு எடை பார்க்க அங்கிருந்து இருபத்தாறு கிலோ மூட்டைகளை இரவல் வாங்கி ஏற்றுவதும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவதும் குமரவேலின் வழக்கமாம். ஊர் சுற்றி வந்த அந்த அரிசியை யார் வாங்கிப் பொங்குகிறார்களோ தெரியாது. பின்னால் மூன்று மூட்டை ஏறியது. நாலாவது என் காலடியில் வந்து உட்கார்ந்தது. நானும் அதுவும் சேர்ந்தால் ஒரு ஜேசன்.

எடை மேடை அகரம்தென் போகிற சாலையில் இருந்தது. குமரவேல் தன் பைக்கில் முன்னால் போனார். எங்களுக்கு முன்னால் இரண்டு எம்-சாண்ட் லாரிகள். அவை முடிந்ததும் முதலில் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றச் சொன்னார்கள். கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "டிரைவரைத் தவிர எல்லாரும் இறங்குங்க" என்றாள்.

"வாணாங்கா" என்று குமரவேல் கை காட்டினார். "அந்தம்மாவும் லோடுதான்."

லாரிக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. குமரவேல் மேல் இல்லை, அவர் தொழிலைப் பார்க்கிறார். காலடியில் மூட்டையோடு, இன்னொருவருடைய இடத்தில், இன்னொருவருடைய எடைக்காக உட்கார்ந்திருந்தேன். ஜேசன் மேல் எனக்குப் பொறாமை என்பது அங்கே வைத்துத்தான் எனக்கே தெளிவாகத் தெரிந்தது. இத்தனை வருடம் அதை நான் துணி துவைக்கிற சலிப்பு என்றுதான் நினைத்திருந்தேன். எபி அப்படிச் சந்தோஷமாகத் திரும்பி வருகிற இடத்தை நானும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதற்கு அவர் "வா" என்று கூப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூப்பிடாத இடத்துக்கு நானாகப் போகிறவள் இல்லை.

பின் சக்கரங்களையும் ஏற்றி, சீட்டு வாங்கிக்கொண்டு, பட்டறைக்குத் திரும்பினோம். குமரவேல் எடைச் சீட்டை பானெட்டின் மேல் விரித்து, காதில் செருகியிருந்த பென்சிலால் கணக்குப் போட்டார்.

"ஹெவிதான் சார் வருது. மூணு இஞ்சும் தாங்கும். ஆனா ஒண்ணு சொல்லிட்றேன். இத்தப் போட்டுட்டா அப்பறம் சும்மா சும்மா மாத்த முடியாது. இவ்ளோ லோடு இல்லாம நீங்களும் மேடமும் மட்டும் போனீங்கன்னா இடுப்பு கழண்டுடும். அதுக்கு ரெண்டு இஞ்சு, லைட்டு ஸ்பிரிங்குதான் சொகம். அடிக்கடி யாரு வருவாங்கோன்னு கரெக்டா சொல்லுங்கோ."

"ஜேசன்தான்" என்றார் எபி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை.

மூன்றாம் மனிதர் முன்னால் நாங்கள் சண்டை போட்டதே இல்லை. அன்றும் சத்தமாகப் பேசவில்லை. ஆனால் பேசிவிட்டேன். "எட்டு வருஷத்துல ஒரு தடவையாவது என்னைக் கூப்பிட்டீங்களா?"

எபி நிஜமாகவே விளங்காமல் விழித்தார். "நீதானே கூப்பிடாதீங்கன்னு சொன்ன?"

"நானா? எப்ப?"

"உங்கம்மாவை அடக்கம் பண்ணி மூணாவது வாரம். ஜீப் எடுத்த மறுநாள். ஜவ்வாது மலைக்குப் போய்ட்டு வரலாம், உனக்கும் ஒரு மாறுதலா இருக்கும், வான்னு கேட்டேன். துணி மடிச்சிட்டிருந்த. 'இனிமே என்னை எங்கயும் கூப்பிடாதீங்க'ன்னு சொன்ன." கொஞ்சம் நிறுத்தினார். "அதான் கூப்பிடல."

குமரவேல் ஒரு ஸ்பேனரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மடித்துக்கொண்டிருந்தது அம்மாவின் புடவைகளை. ஆறு மாதம் படுக்கையில் வைத்துப் பார்த்து, அனுப்பிவைத்துவிட்டு, அவற்றை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். அந்த நேரத்தில் கர்த்தரே வந்து கூப்பிட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன். அடுத்த வாரமே நான் அதை மறந்துவிட்டேன். அவர் கட்டளை மாதிரி எட்டு வருடம் கடைப்பிடித்திருக்கிறார்.

"அதுக்கப்புறம் கேக்கணும்னு தோணவே இல்லையா?"

"தோணும். ஒவ்வொரு தடவை கிளம்பும்போதும் தோணும். வாசல்ல கொஞ்ச நேரம் நிப்பேன்ல? நீ எதாவது சொல்லுவியோன்னு பாப்பேன். நீ கதவைச் சாத்திடுவ."

நின்றார்தான். சாவியைத் தேடுகிறார் என்று நினைத்திருந்தேன். என்னை விட்டுவிட்டுப் போகிறவரின் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கதவைச் சாத்தியிருக்கிறேன். எனக்கு அழுகை வந்தது, கூடவே அவர் தலையில் ஒரு குட்டு வைக்க வேண்டும் போலவும் இருந்தது. எட்டு வருடத்தை நாங்கள் இருவரும் சேர்ந்துதான் கெடுத்திருந்தோம், நான் ரோஷத்தால், அவர் கீழ்ப்படிதலால். இதில் பாவம் ஜேசன் என்ன செய்வார்.

"அது அப்ப சொன்னது" என்றேன்.

"இப்ப?"

"இப்ப நீங்க கேக்கணும்."

எபி தொண்டையைச் செருமிக்கொண்டார். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். எங்கள் நிச்சயத்தன்று போதகர் முன்னால் நின்றபோதுகூட அவர் இவ்வளவு பயந்து நான் பார்த்ததில்லை.

"டெபி, அடுத்த வாரம் ஜவ்வாது மலைக்குப் போறேன். ஜேசன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வர்றியா?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குமரவேல் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, இதற்குமேல் துடைக்க ஒன்றுமில்லை என்பது போலப் பென்சிலை எடுத்தார்.

"அப்போ சார், பக்கத்து சீட்டுக்கு இன்னா எடை போடட்டும்?"

எபி என் பக்கம் திரும்பினார். அவருக்குத் தெரியாது. டாக்டரைத் தவிர வேறு யாரிடமும் நான் இதுவரை சொன்னதில்லை.

"அறுபத்தேழு கிலோ" என்றேன். "எழுதிக்குங்க."