கதவுக்குப் பின்னால் ஒரு அலமாரி

அண்ணன் வீட்டுக் குளியலறையில் இரண்டு பேர் நின்றால் ஒருவர் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். அன்று அங்கே நான்கு பேர் இருந்தோம். தச்சர் அளவு எடுத்துக்கொண்டிருந்தார். அண்ணி வாளிகளை இங்கும் அங்கும் நகர்த்தினாள். அண்ணன் கைபேசியைப் பார்த்தபடி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். என்னை யாரும் கூப்பிடவில்லை. பாத்ரூம் வேலை ஆரம்பித்துவிட்டது என்று அண்ணி போனில் வாய் தவறிச் சொல்லிவிட்டாள், நானே கிளம்பி வந்துவிட்டேன்.

எனக்கு அந்த வேலைக்கு ஒரே அர்த்தம்தான், அப்பா வீட்டுக்கு வரப்போகிறார். பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தபோது, சக்கர நாற்காலி போகிற மாதிரி குளியலறையை மாற்றியதும் கூட்டி வந்துவிடுவேன் என்று அண்ணன் வாக்குக் கொடுத்திருந்தான். அதைப் பிடித்துக்கொண்டுதான் அப்பா அங்கே சாப்பிட்டார், தூங்கினார். என் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதனால் இத்தனை நாளும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று என் வீட்டுக்காரரைக் கேட்டால் சொல்வார்.

தச்சர் ஒரு காகிதத்தில் வரைந்து காட்டினார். கை கழுவும் தொட்டிக்குக் கீழே இரண்டு கதவு வைத்த பெட்டி. கழிப்பறைக்கு மேலே திறந்த தட்டுகள். கதவுக்குப் பின்னால் கூரை வரை ஒரு நெடிய அலமாரி. எது எங்கே போகும் என்று அண்ணி ஒப்பிக்க ஆரம்பித்தாள். துண்டுகள், சோப்புத் தூள், பினாயில், பிள்ளைகளின் ஷாம்பு, வாங்கியதிலிருந்து யாரும் தொடாத ஒரு மசாஜ் இயந்திரம் எல்லாவற்றுக்கும் இடம் இருந்தது. அடியில் கால் வைத்துக் கொஞ்சம் உயர்த்தாவிட்டால் பிளைவுட் ஊறிவிடும் என்றார் தச்சர். அதெல்லாம் சரி, பிடித்துக்கொண்டு எழுந்திருக்கக் கம்பி எங்கே என்று கேட்டேன். அண்ணி ஏற்கெனவே பளபளத்த குழாயை மறுபடியும் துடைத்தாள்.

தச்சர்தான், பாவம், உள்ளதைச் சொன்னார். "சக்கர நாற்காலி வரும்னு யாரும் சொல்லலையேம்மா. அப்படின்னா தொட்டிக்குக் கீழ பெட்டியே வைக்கக் கூடாது. முட்டி இடிக்கும்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. தச்சர் போகும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு பிடிபிடியென்று பிடித்தேன். அண்ணி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. அப்பா இங்கே இருந்தவரை தினமும் அவரைத் தூக்கி, குளிப்பாட்டி, துடைத்துவிட்டது தான் ஒருத்திதான் என்றாள். இனிமேல் தன் உடம்பில் தெம்பு இல்லை என்றாள். அவள் இடுப்பில் இன்னும் பெல்ட் கட்டியிருந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை, அதனாலேயே எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

"அப்ப இந்தப் படத்த நீயே அப்பா கையில குடு," என்றேன் அண்ணனிடம்.

எனக்கு ஒரு கணக்கு இருந்தது. அப்பா முப்பது வருஷம் பஸ் ஓட்டியவர். அவர் வாய்க்கு டிப்போவே பயப்படும். ஒரு சத்தம் போட்டாரென்றால் அண்ணன் வெலவெலத்துப் போவான், அலமாரியாவது மண்ணாங்கட்டியாவது என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவான். அந்த நம்பிக்கையில்தான் மறுநாள் அவனை இல்லத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

காகிதத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆரம்பித்தாகிவிட்டதா என்று கேட்டார். மடியில் விரித்து, நல்ல கையின் விரலைக் குளியலறை வாசலில் வைத்தார். விரல் மெதுவாக உள்ளே நுழைந்தது. கழிப்பறைப் பக்கம் வளைக்கப் பார்த்தார், தொட்டிக்குக் கீழே இருந்த பெட்டி தடுத்தது. பின்னால் எடுத்தார், நெடிய அலமாரி தடுத்தது. வெளியே வந்து, கோணத்தை மாற்றி, திரும்பவும் நுழைந்தார். முட்டுச்சந்தில் பஸ்ஸை அவர் அப்படித்தான் ஒடித்து ஒடித்து எடுப்பார். இந்த முறை விரல் பாதியிலேயே நின்றுவிட்டது.

"வண்டி திரும்பாதே," என்றார்.

அண்ணன் உளற ஆரம்பித்தான். அது கழற்றி மாட்டுகிற அலமாரி என்றான். பிறகு, தச்சர் தப்பாக வரைந்துவிட்டார் என்றான். நான் அப்பா போடப்போகும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். அவர் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் துளியும் இல்லை. இவரை ஏன் இதில் இழுத்துவிட்டோம் என்றிருந்தது. காகிதத்தைப் பிடுங்கக் கையை நீட்டினேன், அவர் கொடுக்கவில்லை.

மருமகளுக்கு இடுப்பு வலி தேவலையா என்று விசாரித்தார். தேவலை என்று சொல்லும்போது அண்ணனின் குரல் உடைந்தது. அப்பா காகிதத்தை ஒற்றைக் கையாலேயே தொடைமேல் வைத்து மடித்தார். நேராக மடிய அதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு அவனிடம் நீட்டினார்.

"கதவுக்குப் பின்னாடி இருக்கறத இன்னும் கொஞ்சம் ஆழமா போடச் சொல்லுப்பா," என்றார். "இடம்தான் இருக்கே."