கடிதத்தில் கட்டிய வீடு

ஆதிமூலமும் எல்லம்மாளும் திருவண்ணாமலை ரயிலடியில் வந்து இறங்கியது எழுபத்து நான்காம் வருஷம், சித்திரை வெயிலில். இருவரும் இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவர்கள். ஆதிமூலத்தின் தாத்தா இந்தச் சீமையிலிருந்து கப்பலேறிப் போனவர். அதனால் இதுதான் அவர்களுடைய நாடு என்று இரண்டு அரசாங்கங்களும் பேசி முடித்து, கையில் இந்தியப் பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்பிவிட்டன. ஒரே மகள் ரேணுகாம்பாள் அங்கேயே தங்கிவிட்டாள். அவளைக் கட்டிய வேணு இலங்கைப் பிரஜை உரிமை கேட்டு மனுப் போட்டிருந்தான். புருஷன் இருக்கும் நாடுதானே பெண்டாட்டிக்கும்.

தாத்தாவின் ஊருக்குப் போய் விசாரித்தார்கள். பெயரைக் கேட்டுத் தலையைச் சொறிந்தவர்கள்தான் உண்டு, சொந்தம் என்று சொல்ல ஆளில்லை. திரும்பி வந்து செங்கம் ரோட்டில், ஆசிரமத்தைத் தாண்டிப் புறம்போக்கில் ஒரு குடிசை போட்டார்கள். குடிசைக்கு முன்னால் ஒரு டீக்கடை.

தேயிலைக்காரனுக்கு டீக்கடை வைக்கத் தெரியாதா என்று நினைத்ததுதான் முதல் தப்பு. தோட்டத்தில் அவர்கள் குடித்ததெல்லாம் பாலில்லாத சாயம். அதை இங்கே ஆற்றிக் கொடுத்தபோது, எதிர்ப்புறம் சைக்கிள் கடை வைத்திருந்த தசரதன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தான்.

"இன்னா சிலோன்காரரே, கஷாயமா போட்டுக் குடுக்குற? பாலு ஜாஸ்தியா ஊத்து, தூளு கம்மியா போடு. அப்பதான் நாலு பேரு வருவான்."

கற்றுக்கொண்டார்கள். மலைக்குளிரில் கம்பளி போர்த்தியே பழகிய எல்லம்மாள், முதல் கோடையில் உடம்பெல்லாம் வேர்க்குருவோடு, ஈரச்சேலையை விரித்து அதன்மேல் படுத்தாள். தோட்டத்தில் மலையூற்றுத் தண்ணீர் பீலி வழியாக வாசலுக்கே வரும். இங்கே அடிபம்பில் குடத்தை வைத்துவிட்டு அரைமணி நின்றாள். "தேத்தண்ணி" என்று சொன்னால் பம்படிப் பெண்கள் சிரித்தார்கள். சிரிப்பை வாங்கிக்கொண்டு "டீ" என்று சொல்லப் பழகினாள். கோதுமை ரொட்டியை விட்டுக் கேழ்வரகுக் களி கிளறினாள். இரண்டே வருஷத்தில், பேச்சை வைத்து அவளை வெளியூர்க்காரி என்று கண்டுபிடிக்க முடியாமல் போயிற்று.

ஆதிமூலத்துக்குத்தான் ஒட்டவில்லை. தோட்டத்தில் அவர் கங்காணி. அதைவிட, எழுதப் படிக்கத் தெரிந்தவர். இந்தியாவுக்குப் போனவர்கள் எழுதும் கடிதங்களையெல்லாம் சனங்கள் அவரிடம்தான் கொண்டுவருவார்கள். தொழிலாளர் குடியிருப்பு வரிசையான லயத்தின் வாசலில் உட்கார்ந்து அவர் உரக்கப் படிப்பார். வேலை இல்லை, தண்ணீர் இல்லை, மதிக்க ஆளில்லை என்று ஒவ்வொரு கடிதமும் அழும். படித்துவிட்டு, "பொழைக்கத் தெரியாதவனுங்க" என்று நக்கலாக ஒரு வார்த்தை சொல்வார். கூட்டம் சிரிக்கும்.

இப்போது அவர் எழுதும் கடிதத்தை அதே வாசலில் வேறு யாரோ உரக்கப் படிப்பார்கள். அந்த நினைப்பு வந்ததும் பேனா தானாக வளைந்தது. "கடை நல்லபடியாக நடக்கிறது. கல்வீடு கட்டியிருக்கிறோம். வாசலிலேயே குழாய்" என்று மகளுக்கு எழுதினார். எல்லம்மாளுக்கு எழுத்து தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "வெயில்லாம் பழகிப்போச்சுன்னு எழுதுங்க, ஒடம்பப் பாத்துக்கன்னு எழுதுங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பாள். அதையும் எழுதுவார். மற்றதையும் எழுதுவார்.

எழுபத்தேழில் அங்கே கலவரம் நடந்தது. ஐப்பசியில் ரேணுகாவின் கடிதம் வந்தது.

"அப்பா, எங்கள் லயத்தில் பாதி எரிந்துவிட்டது. நாங்கள் மூன்று நாள் ஆளுயர மானாப் புல்லுக்குள் ஒளிந்திருந்தோம். இவருடைய மனுவையும் தள்ளிவிட்டார்கள். இனி இந்தியாவுக்கே மனுப் போடலாம் என்கிறார். நீங்கள் வரச்சொல்லி ஒரு வரி எழுதினால் போடுகிறோம். உங்களுக்குப் பாரமாக இருக்க மாட்டோம்."

ஆதிமூலம் நிமிர்ந்து பார்த்தார். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, டிரங்குப் பெட்டியின் மேல் ஈயச்சட்டி வைத்திருந்தது. சட்டி நிறைந்தால் எல்லம்மாள் வெளியே கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வருவாள். கல்வீட்டைத் தேடி மாப்பிள்ளை இங்கே வந்து நின்றால்? இந்தச் சேதி தோட்டத்துக்குப் போனால்?

"என்னா எழுதியிருக்கா?" என்று எல்லம்மாள் கேட்டாள்.

"எல்லாரும் சொகம்தானாம்."

அன்றைக்கே பதில் எழுதினார். "கொஞ்சம் பொறு. மாடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். முடிந்ததும் எழுதுகிறேன்." ஒரு வருஷத்துக்குள் எப்படியாவது ஒரு ஓட்டுவீடாவது போட்டுவிடலாம் என்று அப்போது அவர் மெய்யாகவே நம்பினார். அது மட்டும்தான் அவர் தனக்குச் சொல்லிக்கொண்ட சமாதானம்.

மறு வருஷமும் கேட்டாள். எண்பதில் மறுபடியும் எழுதினாள்: "மனு வாங்குவதைச் சீக்கிரம் நிறுத்தப் போகிறார்களாம். மாடி முடிந்ததா அப்பா?" அதற்கும் பொறு என்றுதான் எழுதினார். பிறகு வவுனியாப் பக்கம் காடு வெட்டிக் குடியேறப் போவதாக ஒரு சின்னக் கடிதம் வந்தது. அதில் அவள் எதுவும் கேட்கவில்லை. கடைசிக் கடிதம் அதுதான்.

எண்பத்து மூன்று ஆடியில் தசரதன் கடை ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நின்றது. கொழும்பு எரிகிறது, மலைநாடு எரிகிறது என்று சேதி. எல்லம்மாள் இரண்டு நாள் சோறு தொடவில்லை. மூன்றாம் நாள் காலை ஆதிமூலம் பால் வாங்கப் போயிருந்த நேரம், பிஸ்கட் டின்னில் இருந்த கடிதங்களை மடியில் கட்டிக்கொண்டு, நாலு வீடு தள்ளியிருந்த தங்கம்மாள் டீச்சரிடம் போனாள். மகளின் விலாசம் தெரிந்தால் சர்க்காருக்கு எழுதிக் கேட்கலாம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதற்காகத்தான் போனாள்.

விலாசத்தைத் தேடிய டீச்சர் கடிதத்தையும் படித்தாள்.

ஆதிமூலம் திரும்பி வந்து அடுப்பில் பாலை வைத்த நேரத்தில் எல்லம்மாள் ரோட்டைக் கடந்து வந்தாள். முந்தானையில் கடிதங்கள். ஆசிரமத்துக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு வெள்ளைக்காரர்களை அவள் பார்த்ததாகவே தெரியவில்லை.

"மூணு தடவ கேட்டிருக்கா" என்றாள். "மூணு தடவ."

அவருக்குப் புரிந்துவிட்டது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. இருவருமே இறக்கவில்லை.

"எனக்கு வெக்கமா இருந்திச்சு, எல்லம்மா."

"யாருகிட்ட வெக்கம்? அவ லயத்துல பொறந்தவ. பத்தடிக் காம்பிராவுல நம்ம கால்மாட்டுல படுத்து வளந்தவ. அவளுக்கு இந்தக் குடிசையா கொறச்சலாப் போயிரும்?"

அவர் வழிந்த பாலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ மாடி கேட்டாளா? ஒரு வரிதானே கேட்டா."

அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அவள் அழவில்லை. சட்டியை இறக்கிவைத்து, அடுப்பைத் துடைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

எண்பத்து நாலில் படகுகளில் அகதிகள் வரத் தொடங்கியதும் ஆதிமூலம் மண்டபம் முகாமுக்குப் போனார். பத்து நாள் வாசலில் நின்று, வவுனியாவிலிருந்து வந்த ஒவ்வொருவரிடமும் விசாரித்தார். பார்த்தவர் யாருமில்லை. பதினோராம் நாள், இன்னொரு முறை வருகிறேன் என்று காவலாளியிடம் சொல்லிவிட்டு ரயிலேறினார். இலங்கைக்குப் போய்வந்துகொண்டிருந்த கப்பலும் அந்த வருஷமே நின்றுபோனது.

எண்பத்தாறு பங்குனியில், யார் கையிலோ கொடுத்தனுப்பி மதுரையில் தபாலில் சேர்த்த ஒரு உறை வந்தது. விலாசத்தில் பெயர் "எல்லம்மாள்" என்று மட்டும் இருந்தது. ஆதிமூலம் அதைப் பிரிக்கவில்லை. கொண்டுபோய் அவளிடம் கொடுத்தார். அவள் டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். அவரும் பின்னாலேயே போய்ப் படிக்கு வெளியே நின்றார்.

"அம்மாவுக்கு" என்று டீச்சர் படிக்கத் தொடங்கினாள். வேணு எண்பத்து நாலு மார்கழியில் விறகுக்குப் போனவன் திரும்பவில்லை. சின்னப் பிள்ளை காய்ச்சலில் போய்விட்டது. மூத்தவள் இருக்கிறாள். ஒரு துண்டுக் காணியில் வெங்காயம் போட்டிருக்கிறேன். இனி எங்கேயும் வருவதாக இல்லை அம்மா, வருகிற காலம் போய்விட்டது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

கடிதம் அவ்வளவுதான். அவரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. படியில் நின்றபடி இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். டீச்சர் தாளை மடிக்கிற சத்தம்தான் கேட்டது.

எல்லம்மாள் சொல்லச் சொல்ல டீச்சர் பதில் எழுதினாள். எல்லம்மாள் இப்போதெல்லாம் வீட்டில் பாலுக்கும் சர்க்கரைக்கும் மட்டுமே வாய் திறப்பவள். டீச்சரிடம் ஒரு மணி நேரம் பேசினாள். முடிகிற தறுவாயில் ஆதிமூலம் தலையை நீட்டிச் சொன்னார்:

"அப்பா மன்னிச்சிக்கச் சொன்னாருன்னு ஒரு வரி போடச் சொல்லேன்."

எல்லம்மாள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை.

"அத நீங்கதான் எழுதணும். எழுதத் தெரிஞ்சவருதானே."

டீச்சர் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தாள். கூரையைப் பற்றி, ஒழுகும் மழையைப் பற்றி, பம்படியில் நிற்கும் அவள் அம்மாவைப் பற்றி, உள்ளது உள்ளபடி எழுதினார். கல்வீட்டையும் மாடியையும் எழுதிய கைக்கு, இந்த ஒரு பக்கம் எழுதச் சாயங்காலம் வரை பிடித்தது. இரண்டையும் ஒரே உறையில் போட்டு எல்லம்மாளே தபாலாபீசுக்குக் கொண்டுபோனாள்.

ஏழு மாதம் கழித்துப் பதில் வந்தது. வெங்காயம் நல்ல விளைச்சல், பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள் என்று டீச்சர் படித்தாள். படியில் நின்றபடி ஆதிமூலம் கடைசி வரை கேட்டார். அவர் எழுதியதற்கு அதில் ஒரு வார்த்தையும் இல்லை. பிறகு, கடையில் ஆள் காத்திருக்கும் என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு நடந்தார்.