நடைவழியில் ஒரு பச்சைப் புள்ளி

அந்தப் பொத்தானைச் சுத்தியலால் அடித்து நொறுக்காமல் நான் இருந்ததற்கு ஒரே காரணம், அது என் மனைவியின் தலையணைக்குப் பக்கத்தில் இருந்ததுதான்.

படியில் சறுக்கி விழுந்து அவளுக்கு இடுப்பெலும்பு முறிந்திருந்தது. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, ஆறு வாரத்துக்கு யாராவது பிடிக்காமல் கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் சமையலறை அலமாரிகள் செய்கிறவன். பட்டறை வீட்டின் பின்பக்கம். அறுக்கும் மெஷின் ஓடும்போது காதுக்குக் கவசம் மாட்டிக்கொள்வேன். பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது, போன் மணியெல்லாம் எந்த மூலைக்கு. அதனால்தான் இந்த ஏற்பாடு. அவள் பொத்தானை அழுத்தினால் என் மேஜைக்கு மேலே சிவப்பு விளக்கு மின்னும், நான் ஓடி வருவேன். அவளுடைய அக்கா அப்போதே தன் வீட்டுக்குக் கூப்பிட்டாள். "பொத்தான் இருக்குல்ல, நான் இங்கயே இருந்துக்கறேன்" என்று என் மனைவிதான் சொன்னாள்.

டெக்னீஷியன் பெண் வந்து எல்லாவற்றையும் மாட்டிய அன்று நான் ஓர் அலமாரியை இறக்கிக் கொடுக்க வெளியே போயிருந்தேன். திரும்பி வந்ததும் மனைவி, "அந்தப் பொண்ணு எது எது எப்படிப் பேசிக்குதுன்னு விளக்கமா சொல்லிட்டுப் போச்சு, கேக்குறீங்களா" என்றாள்.

"மூணு மெஷின் ஓட்டுறவனுக்கு ஒரு பொத்தான் தெரியாதா" என்று கை கழுவப் போய்விட்டேன்.

அன்று மாலை அழுத்திப் பார்த்தோம், மின்னியது. மறுநாள் காலை நான் பட்டறையில் நின்றுகொண்டு, "இப்ப அழுத்து" என்று கத்தினேன். ஒன்றும் இல்லை. பேட்டரி மாற்றினேன். பட்டறையில் மோடத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெண் மாட்டிவிட்டுப் போன பெட்டியைத் தட்டினேன், பிடுங்கி மறுபடி செருகினேன். போனில் இருக்கிற செயலியைத் திறந்தால், 'சாதனம் பதிலளிக்கவில்லை' என்றது. அது எனக்கும் தெரியும். ஏன் பதிலளிக்கவில்லை என்று சொல்வதற்கு அதற்குத் துப்பில்லை.

மாலையில் வேலை செய்யும், பகலில் செய்யாது. அது வேலை செய்யும் நேரமெல்லாம் நான் வீட்டுக்குள் இருப்பேன். எனக்கு வந்த எரிச்சலில் வாய்க்கு வந்தபடி திட்டினேன், அந்தப் பொத்தானைக் கண்டுபிடித்தவன் குடும்பத்தையும் விடவில்லை. டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். காலை எட்டு மணிக்கு வந்தாள், நான் வேலை தொடங்குவதற்கு முன். அவள் பட்டறையில் நின்றாள், நான் மனைவி பக்கத்தில் நின்று அழுத்தினேன். ஆறு தடவை அழுத்தி ஆறு தடவையும் மின்னியது. "நல்லாத்தானே சார் இருக்கு" என்று என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

"நீங்க பட்டறைக்குப் போறப்ப டக்குனு ஒரு சத்தம் கேக்குதுங்க. அதுக்கப்புறம்தான் இது செத்துப் போவுது" என்றாள் மனைவி.

"அது கதவு நிலை. வெயில் ஏறினா மரம் விரியும், டக்குனுதான் கேக்கும். முப்பது வருஷமா மரத்தோட கெடக்குறேன், எனக்குத் தெரியாதா" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதன்கிழமை மதியம் சாப்பிட உள்ளே வந்தேன். அவள் பொத்தானைக் கையில் இறுகப் பிடித்தபடி படுத்திருந்தாள். போர்வை நனைந்திருந்தது. ஒரு மணி நேரமாக அழுத்தியிருக்கிறாள். கட்டை விரல் நுனி சிவந்து போயிருந்தது. நான் விரிப்பை மாற்றினேன், அவளைத் துடைத்துவிட்டேன். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"அக்காவை வெள்ளிக்கிழமை வரச் சொல்லிட்டேன்" என்றாள்.

அவமானம் அவளுக்கு, கோபம் எனக்கு. டெக்னீஷியனைப் போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினேன். வெள்ளிக்கிழமைக்குள் இது சரியாகாவிட்டால் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போடுவேன் என்றேன். அவள் மறுநாள் காலையிலேயே வந்தாள். அழுத்திப் பார்த்தாள். வழக்கம்போல மின்னித் தொலைத்தது.

"சார், நீங்க தினமும் எப்படிப் போவீங்களோ அப்படியே பட்டறைக்குப் போங்க. நான் பின்னாடியே வரேன்."

போனேன். நடைவழியைத் தாண்டிப் பின்கதவைத் திறந்தேன்.

"இப்ப என்ன பண்ணீங்க?"

"என்ன பண்ணேன்? நடந்தேன்."

"கை?"

திரும்பிப் பார்த்தேன். நடைவழிச் சுவரில், சின்ன விளக்கு செருகியிருக்கும் பிளக்குக்கு மேலே இருந்த சுவிட்ச் அணைந்திருந்தது. என் கை இன்னும் முழுசாகக் கீழே இறங்கவில்லை. பகலில் விளக்கு எரிந்தால் எனக்கு ஆகாது. கல்யாணம் ஆன நாளிலிருந்து இந்த வீட்டில் சுவிட்சுகளை அணைத்துக்கொண்டே நடக்கிறவன் நான். இருட்டினால் அதே கை அதைப் போட்டும் விடும். இரண்டுமே என்னைக் கேட்டு நடப்பதில்லை.

அவள் நிதானமாகச் சொன்னாள். "பொத்தான் பேட்டரியில ஓடுது சார், அதோட குரல் சின்னது. நடுவுல ரெண்டு கனமான சுவர், பட்டறை வரைக்கும் எட்டாது. அதனாலதான் இந்த விளக்குக்குக் கீழ ஒரு ஸ்மார்ட் பிளக் மாட்டினேன். பொத்தான் சொல்றதை இது வாங்கி உங்க பெட்டிக்குச் சொல்லும். பெட்டி விளக்குக்குச் சொல்லும். இதுல எப்பவும் பச்சைப் புள்ளி எரியணும், கரண்ட் இல்லேன்னா அவங்க சொல்றது இங்கயே நின்னுடும். அம்மாகிட்ட முதல் நாளே சொன்னேனே, இதை மட்டும் அணைக்கக் கூடாதுன்னு."

திட்டுவதற்கு யாரும் மிஞ்சவில்லை. அவள் போனதும் ஸ்குரூ டிரைவரை எடுத்து அந்த சுவிட்சையே கழற்றினேன். பிளக்குக்கு நேரடியாகக் கரண்ட் கொடுத்து, ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் மூடியால் அடைத்தேன். பட்டறைக்குப் போய், "அழுத்து" என்று கத்தினேன். மின்னியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை அக்கா கார் கொண்டுவந்தாள். மனைவியின் பை தயாராக இருந்தது.

"அதான் சரியாயிடுச்சே" என்றேன்.

"சரியாயிடுச்சு. நல்லாவே மின்னுது."

"அப்புறம் ஏன் போறே?"

"உங்களை நம்பி அந்தக் கட்டில்ல படுக்க இப்ப பயமா இருக்குங்க." கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை.

நானும் அக்காவும் தாங்கிப் பிடித்து அவளைக் காரில் உட்கார வைத்தோம். நான் ஜன்னலில் குனிந்து, "பத்து நாள்ல வந்து கூட்டிட்டு வந்துடறேன்" என்றேன்.

"நானே சொல்றேன், எப்ப வரணும்னு. அப்பவாவது காதுல வாங்கினாப் போதும்."

கார் தெருமுனை திரும்பும்வரை நின்றுவிட்டுப் பட்டறைக்குக் கிளம்பினேன். நடைவழியில் என் கை தானாக மேலே போனது. விரலுக்கு வழவழவென்று அந்த மூடி தட்டுப்பட்டது. கீழே பிளக்கில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது.