வெட்டாத போல்ட்டுகள்

என் அண்ணியின் வேலையைப் பற்றி, குழாய்களைச் சோதிக்க வந்த ஆய்வாளர் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்தான் எழுதினார். பங்கிள். அதன் கீழே, ‘ஆளை மாற்றவும்’.

மேனேஜர் உடனே தலையாட்டினார். அவருக்குத் தலையாட்டத்தான் சம்பளம்.

ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் சலவைக்கூடம் எங்களுடையது. குழாய் வேலை முழுக்க அண்ணி. நான் கொதிகலன் பார்க்கிறவன். நாலு மாதத்துக்கு முன் வெந்நீர்க் குழாயின் ஓர் இணைப்பு பிளந்தது. அறுநூறு விரிப்புகள் சோப்போடு கிடந்தன. அண்ணி ஒரு பழைய குழாய்த் துண்டை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, உள்ளே ரப்பர் வைத்து, பிளவின் மேல் கவ்வ வைத்து நாலு போல்ட்டால் முறுக்கினார். ஒரு மணி நேரத்தில் மெஷின் ஓடியது. போல்ட்டின் நீட்டிய முனைகளை வெட்டவில்லை. மேலே அள்ளி அப்பியது போல் சிவப்புப் பெயிண்ட். “ஒரு வாரம்தான் சார் இது. புதுக் குழாய் வாங்குங்க” என்று சொல்லிவிட்டு வந்தார்.

மேனேஜர் குழாய் வாங்கவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை என்று அதன் மேல் ஒரு படுக்கை விரிப்பைத் தொங்கவிட்டார்.

இன்று காலை, ஆய்வாளர் வருமுன், நான் ரம்பத்தோடு போனேன், போல்ட்டையாவது வெட்டி வைக்கலாம் என்று. அண்ணி என் கையில் ஒரு தட்டு தட்டினார். “வச்சிட்டுப் போ தம்பி. பொண்ணு பாக்கவா வர்றாங்க?”

ஆய்வாளர் விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டார். இப்போது வேலையே போகப்போகிறது.

“என்ன எழுதியிருக்காரு?” என்றார் அண்ணி. போனில் தேடி வாசித்தேன்: “கைத்திறன் இல்லாம செஞ்சு வேலையைக் கெடுக்கிறது.”

“கெடுக்கிறதா? சார், கையை அடியில வச்சுப் பாருங்க.”

ஆய்வாளர் வைத்தார். கை காய்ந்தே திரும்பியது. “ஆனா இவ்வளவு அசிங்கமாவா செய்வாங்க?”

“வேணும்னுதான் செஞ்சேன். அவசரத்துக்குப் போட்டது அவசரம்னு தெரியணும். அழகா முடிச்சிருந்தா நம்ம மேனேஜர் பேத்தி கல்யாணம் வரைக்கும் இதையே ஓட்டிடுவாரு.”

மேனேஜர் இருமினார்.

“எப்படியும் அந்த இணைப்பு மாதிரி இல்லையே” என்று அடுத்ததைக் காட்டினார் ஆய்வாளர். அது வெளி ஒப்பந்தக்காரர் வெல்டிங் செய்தது. வெள்ளிப் பெயிண்டில் கண்ணாடி போல் மின்னியது. அதற்கு ‘நன்று’ என்று எழுதியிருந்தார்.

“நாலு மாசம் முன்னாடி பிளந்ததும் அந்தக் கை செஞ்சதுதான் சார்.” அண்ணி வால்வை முக்கால்வாசி மூடினார். ஆய்வாளரின் முழங்கையைப் பிடித்து ஓரமாக நகர்த்தினார். திருப்புளியின் முனையை அந்த மினுமினுப்பில் வைத்து, கட்டை விரலால் மட்டும் அழுத்தினார்.

வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. இடைவெளியை மறைக்கப் பூசியிருந்த வெள்ளைப் பட்டி உதிர்ந்தது. பின்னாலேயே வெந்நீர் நூலாகப் பீறிட்டு, ஆய்வாளர் நின்றிருந்த இடத்தை நனைத்தது. வெல்டிங் பாதிச் சுற்று கூட ஓடவில்லை. மீதிக்கெல்லாம் பட்டியும் பெயிண்டும்.

இரும்பு வேலையில் இருபது வருடம் கிடந்தவன் நான். நானும் அந்த மினுமினுப்பைத் தினமும் பார்த்துக்கொண்டுதான் போனேன். விரலால் நோய் பார்க்கிற ஆளை இன்றுதான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆய்வாளர் ஈரத் தரையை ஒருமுறை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்தார். அண்ணியின் வரியில் இருந்த இரண்டையும் அடித்தார். ‘நன்று’ இருந்த இடத்தில் அதையும் அடித்துவிட்டு, பங்கிள் என்று எழுதினார். பேப்பர் கிழிகிற அளவுக்கு அழுத்தி.

“உங்களுதுக்கு என்ன எழுதட்டும்மா?”

“ஒரு வாரத்துல மாத்தணும்னு எழுதுங்க. நான் சொன்னா காதுல ஏற மாட்டேங்குது.”

மேனேஜர் தானே விரிப்பை உருவி ஈரத்தில் போட்டு, காலால் துடைத்தார். “அப்போ இந்த ஓட்டைக்கும் இன்னைக்கு ஒண்ணு போட்டுடும்மா. கொஞ்சம் பாக்கிற மாதிரி...”

“முடியாது சார்” என்றார் அண்ணி. என் பக்கம் திரும்பினார். “தம்பி, இருக்கிறதுலயே நீளமான போல்ட் நாலு எடுத்துட்டு வா.”