தனக்கொடிக்கு இரண்டு சர்க்கார்

கடலூர் ஆஸ்பத்திரி ஒன்றில் நர்சு படிப்புத் தேறியவள் தனக்கொடி. வாழ்க்கைப்பட்டது கிருமாம்பாக்கத்தை ஒட்டிய ஒரு சின்ன ஊரில். பிறந்த வீட்டில் உலை வைத்துவிட்டுக் கிளம்பினால் சோறு ஆறுவதற்குள் புகுந்த வீட்டுக்கு வந்துவிடலாம். ஆனால் கடலூர் இங்கிலீஷ்காரன் சீமை. இந்த ஊர் பிரெஞ்சுக்காரன் சீமை.

வந்த வாரமே ஊர் ஆபீசு குமாஸ்தா சுப்பராயலு வீடு தேடி வந்தார்.

"இன்னாமா, பிரசவம் பாக்கப் போறியாமே? உன் சர்ட்டிபிகேட்டு இங்க செல்லாது. வேற தேசத்துது."

"பொம்பள வயிறு எல்லா தேசத்துலயும் ஒண்ணுதானே ஐயா?"

"வயிறு ஒண்ணுதாம்மா. சட்டம் வேற. பிரெஞ்சு டாக்டர்கிட்ட பரீட்சை குடுத்தாத்தான் இந்த மண்ணுல கை வெக்கலாம்."

அவர் ஊருக்கு நல்லவர். சட்டத்தைச் சொல்லிவிட்டு நீர்மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார்.

தனக்கொடிக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் அவள் புருஷன் நாகராஜன்தான் வழி சொன்னான். அவர்கள் கரும்புக் கொல்லையை அடுத்து ஒரு வாய்க்கால். அதைத் தாண்டினால் இங்கிலீஷ் எல்லை. அங்கே வெல்லம் காய்ச்சும் கொட்டகை ஒன்று சும்மாக் கிடந்தது.

அன்றிலிருந்து ஊரில் யாருக்கு இடுப்புவலி கண்டாலும் மாட்டு வண்டி வாய்க்காலைத் தாண்டியது. வலியோடு போகிறவளை எல்லைச் சாவடிச் சேவகன் நிறுத்தி, "சாராயம் கீராயம் கொண்டு போறியா?" என்று கேட்பான். அவள் போடும் கூச்சலில் வழிவிடுவான். பிள்ளைகள் நன்றாகவே பிறந்தன. திரும்பி வந்து பதியப் போனால் சுப்பராயலு கைவிரித்தார். அங்கே பிறந்தது இங்கிலீஷ் பிரஜை. பிரெஞ்சு ஆபீசில் எழுத முடியாதாம். அப்பன் பிரெஞ்சுக்காரன் பிரஜை, ஆத்தாள் பிரெஞ்சுக்காரன் பிரஜை, மடியில் கிடப்பது மட்டும் அந்நியன்.

சங்கதி மேர் பலராமன் காதுக்குப் போனது. எலெக்ஷனில் ஜெயித்து ஊருக்குத் தலைவராக இருந்த அவர் பதறிப்போனார்.

"யோவ் சுப்பராயலு, செத்தவங்க ஓட்டையே நாம வுடறது இல்ல. உசுரோட பொறக்கற ஓட்ட இங்கிலீஷ்காரனுக்குத் தூக்கிக் குடுக்கறதா? பரீட்சைக்கு நாள் குறிய்யா!"

நாள் குறித்தாகிவிட்டது. பிரசவத்துக்கு யார் நாள் குறிப்பது? பரீட்சை வைக்க வரும் வெள்ளைக்கார டாக்டர் துரை முன்னால் பிள்ளை பெற ஒப்புக்கொண்டிருந்த காசம்மாள், முந்தின நாளே கொட்டகைக்குப் போய்ப் பெற்றுவிட்டாள். துரை வந்து காலி மேசையைப் பார்த்தார். நோயாளி இல்லாமல் பரீட்சை இல்லை என்றார். மொழிபெயர்த்துச் சொல்ல வந்திருந்த சுப்பராயலுவின் தொந்திமேல் அவர் பார்வை விழுந்தது.

"நானா?" என்றார் சுப்பராயலு.

"ஏறிப் படுய்யா," என்றார் மேர்.

தனக்கொடிக்குச் சிரிப்பும் பயமும் ஒன்றாக வந்தன. சுப்பராயலுவே சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு வார்த்தைகள் நாலைந்துதான் அவள் கையிருப்பு. வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். மூச்சு விடச் சொன்னாள். "பூசே!" என்றாள். முக்கு என்று அர்த்தம். சுப்பராயலு கூச்சத்தோடு லேசாக முக்கினார். "பூசே! பூசே!" என்று அவள் அதட்டியதும் மனிதருக்கு என்ன ஆயிற்றோ, முகம் சிவந்து, மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டு, "ஐயோ அம்மா, என்னால முடியலியே!" என்று நிஜமாகவே அழ ஆரம்பித்துவிட்டார். தனக்கொடி பயத்தை மறந்தாள். தலையைத் தடவி, "இதோ ஆச்சு ஐயா, இன்னும் ஒரே ஒரு தரம்," என்று தமிழிலேயே தேற்றினாள்.

என்ன குழந்தை என்று கேட்டார் துரை.

"பெண்," என்றாள் கொஞ்சமும் தயங்காமல்.

துரை எழுந்து தொப்பியைக் கழற்றினார். கைகொடுக்கத் தகப்பனைத் தேடி, யாரும் இல்லாததால் சுப்பராயலுவுக்கே கைகொடுத்தார். தனக்கொடி தேறினாள்.

அடுத்த தையில் அவளுக்கே வலி கண்டது. சுற்றுவட்டாரத்தில் சர்ட்டிபிகேட்டு உள்ளவள் அவள் ஒருத்திதான். பாயில் படுத்தபடி அவள் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மாமியார் விருத்தாம்பாள் பிள்ளையை வாங்கினாள். பெண் குழந்தை. நாகராஜன் பதியப் போனான்.

"பிரசவம் பாத்தது யாரு?" என்றார் சுப்பராயலு.

"எங்கம்மா."

"சர்ட்டிபிகேட்டு இருக்கா?"

"இல்ல."

"அப்போ எழுத முடியாதுப்பா. உன் பொஞ்சாதியே பாத்தான்னு சொல்லு, எழுதறேன்."

தாய் தனக்கொடி, மருத்துவச்சி தனக்கொடி என்று பதிவாயிற்று.

சேதி கேட்டு விருத்தாம்பாள் கொதித்துவிட்டாள். "புள்ளையப் புடிச்சது நானு, பேரு அவளுக்கா?" தனக்கொடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள், நாலு நாள் பேசவில்லை. கடைசியில் தனக்கொடியே இறங்கிவந்து, "பேர நீங்களே வெய்யுங்க அத்த," என்றாள்.

விருத்தாம்பாள் யோசிக்கவே இல்லை. பேத்திக்குத் தன் பெயரையே வைத்தாள்.